அமைதிப் பகுதியில் கண்டறிந்த நோய் அங்கேதான் தொடங்கியதா?

கேள்வி: என் கணவர் 2002-இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, 17 ஆண்டுப் பணி முடித்து 2019 ஜூனில் ஓய்வு பெற்றார். பணி ஓய்வு ஓய்வூதியம் வருகிறது. வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டில் ரத்தக் கொதிப்புக்கு 30 சதவீதமும், முதுகு டிஸ்க் விலகலுக்கு 20 சதவீதமும், இரண்டும் சேர்த்து 40 சதவீதமும் ஊனம் என்று எழுதினார்கள். ஆனால் இரண்டுமே ராணுவப் பணியால் வந்தவை அல்ல, பணியால் அதிகமானவையும் அல்ல என்று சொல்லி, ஊனத்துக்கான தொகையை மறுத்துவிட்டார்கள். முதல் அப்பீலும் 2021 மார்ச்சில் தள்ளுபடியானது. அதற்கு மேல் அவர் எதுவும் செய்யவில்லை. “கெடு முடிந்துவிட்டது, இனிமேல் கை நீட்டிக் கேட்க எனக்கு விருப்பமில்லை” என்கிறார். அவரால் இப்போது ஒரு மாங்காய்க் கூடையைக்கூடத் தூக்க முடியவில்லை. மண்டியில் கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறார். ஒருவர் வீட்டுக்கு வந்து, நிலுவைத் தொகையில் முப்பது சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மெடிக்கல் போர்டு நகலை இத்துடன் அனுப்பியுள்ளேன். இன்னும் வழி இருக்கிறதா? — காவேரிப்பட்டணம் அருகிலிருந்து ஒரு வாசகி.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். வழி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகலை இரண்டு முறை முழுமையாகப் படித்த பிறகே இதை எழுதுகிறேன். உங்கள் கணவருக்குச் சாதகமான சான்றுகளில் பெரும்பகுதி அந்த நகலிலேயே, மறுத்தவர்களின் கையெழுத்துக்கு மேலேயே இருக்கிறது.

முதலில் எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஊன ஓய்வூதியம் என்பது பணிக் கூறு, ஊனக் கூறு என்ற இரண்டும் சேர்ந்தது. உங்கள் கணவர் பணிக்காலம் முடித்து வெளியே வந்தவர் என்பதால் பணிக்குரிய ஓய்வூதியம் ஏற்கெனவே வருகிறது. விடுபட்டிருப்பது ஊனக் கூறு மட்டுமே. 2008-ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகளில் 53-வது விதி, பணிக்காலம் முடிந்து விடுவிக்கப்படுபவருக்கு ராணுவப் பணியால் ஏற்பட்ட அல்லது பணியால் தீவிரமடைந்த ஊனம் இருந்து, அது 20 சதவீதமோ அதற்கு மேலோ மதிப்பிடப்பட்டிருந்தால், பணி ஓய்வூதியத்தோடு ஊனக் கூறும் வழங்கப்படலாம் என்கிறது. சதவீதத்தை மெடிக்கல் போர்டே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகவே மிச்சமிருப்பது ஒரே கேள்விதான்: இந்த நோய்களுக்கும் பணிக்கும் தொடர்பு உண்டா, இல்லையா?

இப்போது நகலை எடுத்து உங்கள் முன் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எங்கே பணியாற்றினார் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஆங்கிலத்தில் ‘பி’ அல்லது ‘எஃப்’ என்று ஓர் எழுத்து உண்டு. ‘பி’ என்றால் அமைதிப் பகுதி, ‘எஃப்’ என்றால் களப் பகுதி. உங்கள் கணவருக்கு 2005 ஜூலை முதல் 2007 டிசம்பர் வரை ஜம்மு காஷ்மீரின் பூஞ்ச், 2011 ஜூன் முதல் 2014 ஜூன் வரை அருணாச்சலப் பிரதேசத்தின் தவாங். இரண்டுக்கும் நேராக ‘எஃப்’ என்று இருக்கிறது, தவாங் வரிசையில் உயர்மலைப் பகுதி என்ற குறிப்பும் இருக்கிறது. ஆக, ஐந்தரை ஆண்டுகள் களத்தில். பிறகு செகந்திராபாத். அங்கே 2015 பிப்ரவரியில் நடந்த பரிசோதனையில்தான் ரத்தக் கொதிப்பு முதன்முதலாகப் பதிவாகிறது. கடைசிப் பக்கத்துக்கு வந்தால், மறுப்புக்கான காரணமாக ஒன்றரை வரிதான்: நோய் அமைதிப் பகுதியில் தொடங்கியது, களப்பணியுடன் நெருங்கிய காலத் தொடர்பு இல்லை, மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டியின் 43-வது பத்தியின்படி.

தவாங்கிலிருந்து இறங்கியதற்கும் நோய் பதிவானதற்கும் இடையே எட்டு மாதங்கள். ரத்தக் கொதிப்பு ஒரு நாளில் காலில் குத்தும் முள் அன்று; உடம்பில் சத்தமில்லாமல் இருந்து, யாராவது கருவியைக் கட்டிப் பார்க்கும்போதுதான் தெரியவருவது. ஆகவே பதிவான தேதியை நோய் தொடங்கிய தேதியாக எடுத்துக்கொண்டதுதான் இந்த முடிவின் அடிப்படைப் பிழை என்பது என் கருத்து. அதைவிட முக்கியம், மேற்கோளாகக் காட்டப்பட்ட அந்த 43-வது பத்தியையே முழுமையாகப் படிப்பது. களப் பகுதியிலோ உயர்மலைப் பகுதியிலோ பணியாற்றும்போது தோன்றினால் பணியால் தீவிரமடைந்ததாகக் கருதப்படும் என்ற வரி அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அதே பத்தி, களப் பகுதிகளிலும் உயர்மலைகளிலும் நீண்ட காலம், அடுத்தடுத்து பணியாற்றிய பின் நோய் பதிவாகும் நேர்வுகளும் உண்டு என்றும், மன அழுத்தத்துக்கு ஒவ்வொரு மனித உடலும் ஒவ்வொரு விதமாக எதிர்வினையாற்றுவதே அதற்கு விளக்கம் என்றும் சொல்கிறது. போர்டு ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கணவரின் மேல்முறையீடு மறு பாதியின் மீது நிற்க வேண்டும்.

இன்னும் ஒரு வரியைப் பாருங்கள். ‘இந்த ஊனம் பணியில் சேரும் முன்பே இருந்ததா’ என்ற கேள்விக்குப் போர்டு ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. 19 வயதில் எல்லாப் பரிசோதனைகளிலும் தேறிச் சேர்ந்தவருக்கு 32 வயதில் ரத்தக் கொதிப்பு வந்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில், சேரும்போது நோய் குறித்து எந்தப் பதிவும் இல்லையென்றால் அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், பணிக்குத் தொடர்பில்லை என்று நிறுவும் பொறுப்பு அரசினுடையது, போர்டு தன் முடிவுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும், ஐயம் எழுந்தால் அதன் பலன் படைவீரருக்கே என்று தீர்ப்பளித்தது. 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கிலும், 2025 மே மாதத்தில் ராஜுமோன் வழக்கிலும் அதே நிலை வலியுறுத்தப்பட்டது.

இதற்கு அரசுத் தரப்பு என்ன சொல்லும் என்பதையும் நீங்கள் இப்போதே அறிந்திருக்க வேண்டும். தரம்வீர் சிங் தீர்ப்பு, ஊன ஓய்வூதியம் யாருக்கு உண்டு என்று சொல்லும் 1982-ஆம் ஆண்டு உரிமை விதிகளின் கீழ் வந்தது, 2019-இல் ஓய்வு பெற்றவருக்குப் பொருந்துவது 2008-ஆம் ஆண்டு உரிமை விதிகள், அவற்றில் நலமாகவே சேர்ந்தார் என்ற பழைய அனுமானம் அதே வாசகத்தில் இல்லை என்பார்கள். 2019 அக்டோபரில் நர்சிங் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவ வாரியத்தின், அதாவது மெடிக்கல் போர்டின், கருத்துக்கு முதன்மை கொடுத்து ஊன ஓய்வூதியத்தை மறுத்ததையும் காட்டுவார்கள். முதலாவதுக்குப் பதில், அந்த 2008 உரிமை விதிகளின் 7-வது விதியிலேயே இருக்கிறது: சாதாரணமாக, கோருபவரை நிரூபிக்கும்படி கேட்கக் கூடாது. இரண்டாவதுக்குப் பதில், அந்த வழக்கு சேரும்போதைய பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாமல் போகக்கூடிய மனநோய் பற்றியது; ரத்த அழுத்தம் கருவியை வைத்து அளக்கக்கூடியது, சேரும்போது அளந்தும் இருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை மனுவில் ஒரு தனிப் பத்தியாகவே எழுத வேண்டும்.

அந்த 7-வது விதியில் ஒரு எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. ஓய்வு பெற்று 15 ஆண்டுகள் கடந்து, பணி ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்ட பின் கோரினால், நிரூபிக்கும் பொறுப்பு கோருபவர் மீது விழுந்துவிடும். உங்களுக்கு 2034 வரை அந்த நிலை வராது. ஆயினும் ஆவணங்கள் இருக்கும்போதே கேட்டுப் பெறுவதற்கும், இல்லாதபோது நினைவிலிருந்து வாதாடுவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

முதுகைப் பற்றி. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி என்னை நிறுத்தியது: தவாங்கில் பாலம் போடும்போது முதுகு பிடித்துக்கொண்டது, மருந்தகத்தில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனார். சாப்பர்கள் போடும் பெய்லி பாலத்தின் ஒரு இரும்புச் சட்டகம் ஏறக்குறைய 260 கிலோ எடை உடையது. ஆறு பேர் கழிகளைக் கொடுத்துத் தூக்கி, ஒரே அடியில் நடந்து கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். வழி சரிவாக இருந்து, ஒருவர் கால் சறுக்கினால், அந்தப் பாரம் பக்கத்திலிருப்பவர் இடுப்பில் இறங்கும். இப்படி வந்த முதுகுவலிக்கு அன்றே காய அறிக்கை எழுதப்பட்டிருந்தால் வழக்கு எளிதாக இருந்திருக்கும். எழுதப்படவில்லை, டிஸ்க் விலகல் என்று பதிவானது 2017-இல்தான். ஆகவே இந்தக் கோரிக்கை ரத்தக் கொதிப்பைவிடப் பலம் குறைந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கைவிடத் தேவையில்லை; ஆனால் எடை முழுவதையும் இதன் மேல் போடவும் வேண்டாம்.

அதற்குக் கணக்கு வழியிலும் ஒரு காரணம் உண்டு. ஊனச் சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் முறைப்படி, 50-க்குக் குறைவானது 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், 76 முதல் 100 வரை 100 ஆகவும் கொள்ளப்படும். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்படியானால் ரத்தக் கொதிப்பின் 30 சதவீதம் மட்டும் ஏற்கப்பட்டாலும் அது 50 ஆகும். இரண்டும் சேர்ந்த 40 ஏற்கப்பட்டாலும் அதே 50-தான். நூறு சதவீத ஊனத்துக்கு ஊனக் கூறு கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். கணக்குக்காக அவருடைய கடைசி ஊதியம், ராணுவப் பணிப் படியையும் சேர்த்து, 40,000 ரூபாய் என்று கொண்டால், நூறு சதவீதத்துக்கு 12,000 ரூபாய், 50 சதவீதத்துக்கு மாதம் 6,000 ரூபாய், அதன் மேல் அகவிலைப்படி. அவருடைய சரியான தொகையை ஓய்வூதிய ஆணையில் உள்ள கடைசி ஊதியத்தை வைத்து நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கெடு பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். முதல் மேல்முறையீடு தள்ளுபடியானால் ஆறு மாதங்களுக்குள் இரண்டாவது மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுத வேண்டும் என்பது நடைமுறை. அந்தக் கெடு கடந்துவிட்டது உண்மை. ஆனால் ஓய்வூதிய மறுப்பு ஒருநாள் நடந்து முடிந்துவிட்ட தவறு அன்று. ஒவ்வொரு மாதமும் குறைந்த தொகை வங்கியில் விழும்போது அது மறுபடியும் நடக்கிறது. இதைத் தொடரும் தவறு என்று ஏற்று, தாமதத்தை மட்டும் காரணமாக வைத்து வழக்கை மூடக்கூடாது, ஆனால் நிலுவைத் தொகை மனுப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே என்று 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. இந்த மூன்றாண்டு அளவுகோலை வைத்துப் பார்த்தால், நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் பின்னால் ஒரு மாத நிலுவை உதிர்ந்துகொண்டே போகிறது. மேலும், 2021 மார்ச்சில் தொடங்கிய அந்த ஆறு மாதமும் கொரோனாக் காலத்துக்குள் விழுகிறது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் காலக்கெடுக் கணக்கிலிருந்து விலக்கி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நீதிமன்ற, தீர்ப்பாய நடவடிக்கைகளுக்கான அந்த ஆணையைத் துறைக்கு எழுதும் தாமத விளக்கத்திலும் தாராளமாகச் சுட்டலாம்.

ஆகவே, இந்த வாரமே இரண்டு கடிதங்கள் போக வேண்டும். ஒன்று, அவருடைய பணி ஆவணங்களை வைத்திருக்கும், பெங்களூருவிலுள்ள ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு விண்ணப்பம். ஓய்வின்போது நடந்த போர்டு அறிக்கையின் சான்றளிக்கப்பட்ட முழு நகல், 2015 முதல் நடந்த ஒவ்வொரு மருத்துவ வகைப்பாட்டுப் போர்டின் நகல், பணியிடங்களின் முழு விவரம், படைப்பிரிவு அதிகாரியின் அறிக்கை, முதல் மேல்முறையீட்டில் மருத்துவ ஆலோசகர் எழுதிய குறிப்பு, தவாங் காலத்து மருந்தகப் பதிவுகள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ரத்த அழுத்தமும் உடல் எடையும் பதிவான பழைய பரிசோதனைக் குறிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். எடை கூடியதால் வந்த நோய் என்று எதிர்த்தரப்பு சொல்ல வாய்ப்புண்டு, அவர் எடை அளவோடு இருந்தார் என்று காட்டும் ஒரு தாள் அந்த வாதத்தை அங்கேயே நிறுத்தும். 30 நாட்களில் பதில் வராவிட்டால் அதே சட்டத்தின் கீழ் முதல் மேல்முறையீடு செய்யலாம். ஓசூர் வழியாகப் பேருந்தேறி நேரில் போய்க் கேட்டுவிட்டு வரலாமே என்று தோன்றும். வேண்டாம். வாய்மொழியாகக் கேட்டதற்குத் தேதி கிடையாது, தேதி இல்லாத கோரிக்கையைத் தீர்ப்பாயத்தில் காட்ட முடியாது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது கடிதம், இரண்டாவது மேல்முறையீடு. அதையும் ரெக்கார்ட்ஸ் அலுவலகம் வழியாகவே அனுப்ப வேண்டும். நீண்ட புலம்பல் தேவையில்லை. இந்த அளவில் எழுதினால் போதும்: “நான் நலமாகச் சேர்ந்தேன் என்பதை மருத்துவ வாரியமே ஒப்புக்கொண்டுள்ளது. பூஞ்சிலும் தவாங்கிலும் ஐந்தரை ஆண்டுகள் களப்பணி ஆற்றி, தவாங்கிலிருந்து வந்த எட்டாம் மாதத்தில் எனக்கு ரத்தக் கொதிப்பு பதிவாகியுள்ளது. வாரியம் மேற்கோள் காட்டிய 43-வது பத்தியே இத்தகைய நேர்வை விளக்குகிறது. வாரியம் அதைக் கருத்தில் கொள்ளவில்லை, வேறு காரணமும் சொல்லவில்லை.” தாமதத்துக்கு ஒரு பத்தி தனியாக. காலம் கடந்தது என்று திருப்பி அனுப்பினால் அதுவும் நல்லதே. அந்தக் கடிதமே அடுத்த படிக்கு ஆவணம். ஆறு மாதங்கள் வரை பதிலே வராவிட்டாலும் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம், 2007-இன்படி துறை வழிகள் முடிந்ததாகக் கொண்டு, சென்னையிலுள்ள தீர்ப்பாய அமர்வில் தாமத மன்னிப்பு மனுவுடன் அசல் மனுவைத் தாக்கல் செய்யலாம். அங்கே தோற்றாலும், அந்த முடிவைப் பரிசீலிக்கும் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் தடைபடவில்லை என்று 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த அந்த நபரிடம் எதிலும் கையெழுத்திட வேண்டாம். அவர் வழக்கறிஞராக இருந்தால், வரும் தொகையில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன. வழக்கறிஞர் இல்லையென்றால் உங்களுக்காகத் தீர்ப்பாயத்தில் நிற்கவே அவருக்குத் தகுதி இல்லை. ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தின் கடவுச்சொல்லையும், கைபேசிக்கு வரும் ஓடிபியையும், போர்டு நகலின் மூலத்தையும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். மேல்முறையீட்டு மனு எழுதவும் சரிபார்க்கவும் கிருஷ்ணகிரியிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவியை உரிமையாகவே தருகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

அரசு மருத்துவமனையில் புதிதாக ஊனச் சான்று வாங்கினால் உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தச் சான்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு உரியது. மாநில அரசின் நலத்திட்டங்களுக்குப் பயன்படும். ராணுவ ஓய்வூதியத்தில் பார்க்கப்படுவது 2019-இல் விடுவிக்கப்பட்டபோது இருந்த நிலையும் அதன் காரணமும்தான். சலுகைகளுக்காக வாங்கிக்கொள்ளுங்கள், மேல்முறையீட்டை அதற்காகத் தாமதிக்க வேண்டாம்.

உங்கள் கணவர் “கை நீட்டிக் கேட்க மாட்டேன்” என்கிறார். அந்தச் சொல்லின் வலி எனக்குப் புரிகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து முன்னாள் வீரர்கள் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் கொடை அன்று, ஆற்றிய பணிக்கு ஈட்டிய உரிமை என்று 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்த்துச் சொல்லிவிட்டது. இருந்தாலும் மனுவில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான்; அவருடைய சம்மதமில்லாமல் நீங்களோ நானோ எதுவும் செய்ய முடியாது. ஆகவே முதலில் சட்டம் பேசாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். தவாங்கில் முதுகு பிடித்தது எந்த மாதம், எந்தப் பாலம், எந்த மருந்தகம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, அன்று அவரோடு அந்தச் சட்டகத்தைத் தூக்கிய மற்ற ஐந்து பேரின் பெயர்களைக் கேளுங்கள். அவர்களில் இரண்டு பேர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்து, தாங்கள் பார்த்ததைப் பிரமாண வாக்குமூலமாக எழுதித் தந்தால், எழுதப்படாமல் போன காய அறிக்கையின் இடத்தில் நாம் அதைத்தான் வைக்கப் போகிறோம்.